வாசிகசாலைப் பட்டியலை எக்ஸ்எம்எல் ஆக்கிய அனுபவம்

திருகோணமலையில் எங்கள் வாசிகசாலையின் நூற்பட்டியல் ஆண்டுக்கணக்காக ஒரு எக்செல் கோப்பில்தான் இருந்தது. அதைக் கைபேசியில் தேடிப் பார்க்க ஒரு செயலி செய்து தருவதாக உவர்மலைத் தம்பி ஒருவர் முன்வந்தார். "அண்ணா, பட்டியலை எக்ஸ்எம்எல்லாத் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். அதுவரை அப்படியொரு கோப்பை நான் திறந்தும் பார்த்ததில்லை. இதே வேலையில் இறங்கப்போகும் வாசிகசாலைகளுக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எக்ஸ்எம்எல் வெறும் எழுத்துக் கோப்புதான்; ஒவ்வொரு தகவலையும் ஒரு பெயரால் திறந்து மூடி வைப்போம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 இல் பரிந்துரைத்த தரம். <தலைப்பு> என்று திறந்தால் </தலைப்பு> என்று மூட வேண்டும். ஓரிடத்தில் மூடாமல் விட்டாலும் முழுக் கோப்பும் செல்லாது. இந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் கோப்பில் ஒரு நூலின் பதிவு இப்படித் தொடங்கும்:

<நூல்><எண்>412</எண்><மொழி>தமிழ்</மொழி><அலுமாரி>3</அலுமாரி>

சிக்கல் எழுத்தில்தான் இருந்தது. இலங்கையின் பழைய கணினிப் பட்டியல்கள் பலவற்றைப் போல எங்களுடையதும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டப்பட்டது. திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் அங்கே அரைப்புள்ளி இருக்கும். எக்ஸ்எம்எல் எழுத்துருவைத் தன்னோடு கொண்டுபோகாது. போய்ச் சேரும் இடத்தில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அதோடு, பாமினியில் 'ஈ' என்ற எழுத்து '<' குறியில் உட்கார்ந்திருக்கிறது. 'ஈழத்து' என்று தொடங்கும் தலைப்புகள் நம் வாசிகசாலைகளில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. எக்செல் ஏற்றுமதி செய்யும்போது அந்தக் குறியைப் பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆனால் அப்புறம் முழுக் கோப்பையும், பாமினியை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தாக்கும் மாற்றியில் போட்டால், பெயர்களைத் திறக்கும் '<' எல்லாம் 'ஈ' ஆகிக் கோப்பே குலைந்துவிடும். ஆகவே எக்செல்லில் இருக்கும்போதே ஒவ்வொரு நிரலாக யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகே எக்ஸ்எம்எல். ஆங்கில நூல்களை அதற்கு முன்பே தனித்தாளில் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் யூனிகோட் மாற்றி அவற்றையும் பொருளற்ற தமிழாக்கிவிடும்.

மாற்றிய பிறகும் 'திருகோணமலை' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. கண்ணுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. நாங்கள் பயன்படுத்திய மாற்றி 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாக எழுதாமல் இரட்டைக் கொம்பு, கால் என்று முன்னொன்று பின்னொன்றாக இரண்டு குறிகளாக எழுதியிருந்தது. யூனிகோடில் இரண்டும் சமமானவை என்றாலும், எல்லா மென்பொருளும் அப்படிப் பார்ப்பதில்லை. கொ, கோ, கௌ வரிசைகள் மூன்றையும் தேடி மாற்றியதும் ஊர்ப்பெயர் கிடைத்தது. தமிழ்த் தரவில் கைவைக்கும் எவரும் இதை முதலிலேயே சோதிக்க வேண்டும் என்பேன்.

சரி, ஏற்றுமதி. விண்டோஸ் எக்செல்லின் ரிப்பனில் டெவலப்பர் பட்டியை முதலில் வரவழைக்க வேண்டும். அங்கே சோர்ஸ் என்பதை அழுத்தி, எக்ஸ்எம்எல் மேப்ஸ் வழியாக ஒரு மாதிரிக் கோப்பைச் சேர்க்கிறோம். மாதிரியில் குறைந்தது இரண்டு நூல்களாவது இருக்கட்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும் பதிவு என்று எக்செல்லுக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொரு பெயரையும் உரிய நிரலுக்கு இழுத்துவிட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தால் வேலை முடிந்தது. 978955 என்று தொடங்கும் இலங்கை ஐஎஸ்பிஎன் எண்களின் நிரலை மட்டும் முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்கள் என்று பட்டியலுக்குள் பட்டியல் வைத்தால் எக்செல் ஏற்றுமதி செய்ய மறுக்கும். நாங்கள் ஆசிரியர்களை ஒரே கட்டத்தில் அரைப்புள்ளியிட்டு எழுதினோம். பிரிக்கும் வேலையைத் தம்பி தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

சின்னத் திருத்தங்களை நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் செய்தேன். பதிப்பகப் பெயர்களில் வரும் '&' குறியைக் கையால் அப்படியே எழுதினால் கோப்பு உடையும்; அதற்கென உள்ள மாற்றுவடிவத்தைத்தான் எழுத வேண்டும். சேமிக்கும்போது யூனிகோட் எழுத்தைக் கோப்பில் எழுதும் முறை யூடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். பிறகு கோப்பை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால், பிழை இருக்கும் வரியையும் இடத்தையும் அது காட்டிவிடும்.

மூதூரில் இருக்கும் எங்கள் பழைய நூலகர் ஐயா புதிதாக வந்த நூல்களைத் தனிக் கோப்பாக அனுப்புகிறார். அதை இம்போர்ட் செய்யும் முன் மேப் ப்ராப்பர்ட்டீஸில் 'அப்பெண்ட்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். எக்செல்லின் வழக்கமான அமைப்பு இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது. ஐயாவின் கோப்புகள் இப்போது பழைய வரிசைகளுக்குக் கீழே சேர்கின்றன. அங்கிருந்து எடுத்த ஏற்றுமதியைத் தம்பி செயலியில் ஏற்றிவிடுகிறார்.