குளவின்னு நினைச்சது குளவியே இல்ல

இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்ல இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. பின்னாடி ஒரு சின்ன தோட்டம், ஒரு ஷெட், ஒரு லாவெண்டர் புதர், வேலி முழுக்க ஐவி கொடி. ரொம்ப நாளா அங்க இருந்த பூச்சியெல்லாம் எனக்கு ரெண்டே வகைதான், கொட்டுறது, செடிய நாசம் பண்றது. மஞ்சளும் கருப்புமா எது பறந்து வந்தாலும் குளவி குளவின்னு கத்தி பொண்ண உள்ள இழுத்து கதவ சாத்திருவேன்.

ஒரு ஜூன் மாசம் அப்படி கத்தினப்ப பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல எட்டிப் பார்த்தாங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும், லெஸ்டர்காரங்க எல்லாரையும் கூப்பிடுற மாதிரி என்னையும் செல்லமா "மி டக்"னு தான் கூப்பிடுவாங்க. அது குளவி இல்ல, ஹோவர்ஃப்ளை, ஈ ஜாதி, அதுக்கு கொடுக்கே கிடையாது, கொஞ்ச நேரம் நின்னு பாருன்னாங்க. நின்னேன்.

அந்தரத்துல அது அசையாம நிக்கிற விதம் இருக்கே, யாரோ நூல்ல கட்டி தொங்கவிட்ட மாதிரி, சட்டுனு ஒரு சாண் தள்ளிப் போய் திரும்பவும் அப்படியே நிக்கும். குளவிக்கும் தேனீக்கும் நாலு றெக்கை, இதுக்கு ரெண்டு தான். ஆனா பறக்குறப்ப றெக்கைய எங்க எண்றது, அதனால நான் முகத்த தான் பார்ப்பேன், தலை முழுக்க கண்ணு, உணர்கொம்பு இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்கு குட்டி, இடுப்பும் குளவி மாதிரி ஒடுங்கி இருக்காது. பிரிட்டன்ல மட்டும் 280க்கு மேல ஹோவர்ஃப்ளை வகை இருக்கு. எங்க வீட்டுக்கு அதிகமா வர்றது மார்மலேட் ஹோவர்ஃப்ளை, ஆரஞ்சு உடம்புல தடியா ஒரு கருப்பு கோடு, அத ஒட்டி மெலிசா இன்னொண்ணு. இதோட புழு, செடிச் சாற உறிஞ்சுற அசுவினிப் பூச்சிய தின்னே வளருது. அரை இஞ்ச் கூட இல்லாத இந்த ஜாதி கடல் தாண்டி வரும்னு படிச்சப்ப எனக்கு நம்பவே முடியல, 2019ல வந்த ஒரு ஆய்வுல ரேடார் வச்சு கணக்கு பண்ணி, வருஷத்துக்கு 400 கோடி ஹோவர்ஃப்ளை வரைக்கும் தென் இங்கிலாந்துக்கு மேல வர்றதும் போறதுமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு என் லாவெண்டர்ல உட்கார்ந்தது எந்த நாட்டுல பொறந்துச்சோ.

இப்ப சொல்லப் போறது எனக்கு இன்னும் மனசுல உறுத்துற விஷயம். அதுக்கு முந்தின வருஷம் பிராட் பீன்ஸ் போட்டிருந்தேன், நுனியெல்லாம் கருப்பு அசுவினி அப்பிக்கிச்சு. சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தேன். அப்ப இலை மேல நீளமா, கருநீலத்துல, ஆரஞ்சு புள்ளி வச்சு, குட்டி முதலை மாதிரி சில புழு ஓடிட்டு இருந்துச்சு, இதுங்க தான் செடிய திங்குதுன்னு முடிவு பண்ணி கிளவுஸ் போட்டு ஒவ்வொண்ணா நசுக்கினேன். இருபதாவது இருக்கும். அது அத்தனையும் பொறிவண்டு குஞ்சு. சிவப்புல ஏழு புள்ளி இருக்குமே, பொண்ணு கையில விட்டு விளையாடுற அதே லேடிபேர்ட், அதோட குழந்தைப் பருவம் அப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. அசுவினிய தின்னு தீர்க்க வந்தவங்கள நான் செடிய தின்ன வந்தவங்கன்னு நினைச்சு கொன்னுருக்கேன். இப்ப அசுவினி வந்தா ரெண்டு வாரம் சும்மா விட்டுட்டுப் பார்க்குறேன், பெரும்பாலும் யாராவது வந்துடுறாங்க.

பொறிவண்டுலயும் இப்ப எங்க தெருவுல நிறைய இருக்குறது ஹார்லெக்வின், ஆசியாவச் சேர்ந்தது, பிரிட்டன்ல முதல்ல 2004ல எஸ்ஸெக்ஸ்ல பார்த்தாங்க. ஒண்ணு ஆரஞ்சா இருக்கும், ஒண்ணு கருப்புல சிவப்பு பொட்டு வச்சிருக்கும், குளிர் வந்தா ஜன்னல் ஓரத்துல கூட்டமா ஒட்டிக்கும். மத்த பொறிவண்டோட முட்டையையும் குஞ்சையும் தின்னுடும்.

பம்பிள்பீ, அந்த குண்டா முடி முடியா இருக்குற தேனீ ஜாதி, அத வகை பிரிச்சு கத்துக்கிறது எனக்கு சுலபமா இருந்துச்சு, வால் பக்கத்து கலர தான் முதல்ல பார்க்கணும். இந்த நாட்டுல மொத்தம் 24 வகை, ஆனா தோட்டத்துக்கு வழக்கமா வர்றது ஏழெட்டு தான். மார்ச்ல குளிரோட குளிரா குண்டா ஒண்ணு தரையோரமா உறுமிக்கிட்டு பறந்தா அது கூடு கட்ட எலி வளை தேடுற ராணி. முதுகு செம்பட்டை, வயிறு கருப்பு, வால் வெள்ளைன்னா ட்ரீ பம்பிள்பீ, அது 2001ல தான் இந்த நாட்டுலயே முதல்ல பதிவாச்சு, இப்ப எங்க பறவைக் கூண்டுலயே குடும்பம் நடத்துது.

குளவி மேல இருந்த கோபமும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கோடை முழுக்க அதுங்க கம்பளிப்புழுவையும் ஈயையும் புடிச்சுட்டுப் போய் கூட்டுல இருக்குற தன் குஞ்சுப் புழுவுக்கு ஊட்டுதுங்க, பதிலுக்கு அந்தப் புழு இனிப்பா ஒரு நீர் கொடுக்கும், ஆகஸ்ட் கடைசில கூட்டுல ஊட்ட புழு குறைஞ்சு போறப்ப அந்த இனிப்பும் நின்னு போகும், அப்பதான் நம்ம ஜாம், ஜூஸ் கிளாஸ்னு அலையுதுங்க.

பிப்ரவரில ஒரு தொட்டிய நகர்த்தினப்ப அடியில ஒரு இயர்விக், காதுக்குள்ள போயிடும்னு எல்லாரும் பயப்படுற அந்த இடுக்கி வால் பூச்சி, வெள்ளையா ஒரு குவியல் முட்டை மேல படுத்திருந்துச்சு. குளிர்காலம் பூரா இப்படியே கூட இருந்து, பூஞ்சை புடிக்காம முட்டைய நக்கி நக்கி சுத்தம் பண்ணுமாம், பொரிஞ்சப்புறமும் கொஞ்ச நாள் குஞ்சுகள பார்த்துக்குமாம். தொட்டிய மெதுவா பழைய இடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்.

இதெல்லாம் பேசிட்டிருக்கப்ப தான் பக்கத்து வீட்டு அம்மா ஜெனிஃபர் ஓவன்னு ஒருத்தங்கள பத்தி சொன்னாங்க. எங்க லெஸ்டர்லயே, அவங்களோட சாதாரண புறநகர் வீட்டுத் தோட்டம், 1972ல இருந்து 2001 வரைக்கும் 30 வருஷம் அதுல வர்ற போற உயிரையெல்லாம் எண்ணி எழுதி வச்சிருக்காங்க. டென்ட் மாதிரி ஒரு வலைய கட்டி வச்சு பூச்சி புடிச்சு, ஒவ்வொண்ணா பேர் கண்டுபுடிச்சு. மொத்தம் 2,673 வகை, அதுல பூச்சி மட்டும் 1,997. காடு இல்ல, சரணாலயம் இல்ல, பூவும் காய்கறியும் புல்தரையும் இருந்த ஒரு வீட்டுத் தோட்டம். இது எனக்கு இவ்வளவு பக்கத்துல நடந்திருக்குன்னு தெரிஞ்சப்ப ராத்திரி தூக்கமே வரல, நோட்டு ஒண்ணு எடுத்து நானும் எழுத ஆரம்பிச்சேன். மூணு வருஷத்துல என் கணக்கு 61 வகை.

இப்ப 62க்கு காத்திருக்கேன். ஐவி பீன்னு ஒரு தேனீ, அதுவும் அதே 2001ல தான் டோர்செட்ல முதல்ல தென்பட்டுச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வடக்க ஏறி வந்துட்டிருக்கு, செப்டம்பர்ல ஐவி பூக்குற நேரத்துல மட்டும் வெளிய வரும். வேலி அசிங்கமா இருக்கு ஐவிய வெட்டிடலாமான்னு வீட்டுக்காரர் போன வாரம் கத்திரியோட வந்தார், நவம்பர் வரைக்கும் தொடாதீங்கன்னு கத்திரிய வாங்கி ஷெட்ல பூட்டிட்டேன். மொட்டு வச்சிருச்சு, இன்னும் விரியல.