கிரான்வில் கடலும் மரேன்-மரியின் கப்பல்களும்

பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இருந்தவரைக்கும் பிரான்ஸில் கடல் இருக்கிறது என்பதே என் நினைவில் இல்லை. தமிழ்க் கடையில் மீன் கிடைத்தது, அது போதும் என்றிருந்தேன். வேலை கிடைத்து நோர்மண்டியின் கிரான்வில் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான், வடமராட்சியில் கடலோடு வளர்ந்தவன் என்ற பெருமையெல்லாம் ஆட்டம் கண்டது. எங்கட பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. இங்கே பெரிய பெருக்கு நாட்களில் 13, 14 மீற்றர். காலையில் மிதந்த வள்ளம் மத்தியானம் சேற்றில் சரிந்து கிடக்கும்.

நான் கோப்பை கழுவும் உணவகத்தின் சுவரில் ஒரு நீர்வண்ண ஓவியத்தின் அச்சுப்படி இருக்கிறது. கிரீன்லாந்துப் பனிக்கட்டிகளுக்குள் நிற்கும் மூன்று பாய்மரங்கள் கொண்ட ஒரு கப்பல், பிரெஞ்சுத் துருவ ஆய்வாளர் சார்கோவின் 'பூர்குவா-பா'. வரைந்தவர் மரேன்-மரி (1901–1987). இளவயதில் அதே கப்பலில் வேலை செய்து ஆர்க்டிக் வரை போனவர், பிறகு 1935இல் பிரெஞ்சுக் கடற்படையின் அதிகாரபூர்வ ஓவியர் ஆனவர். அப்படி ஆனவர்கள் கையெழுத்தோடு ஒரு நங்கூரமும் போட்டுக்கொள்ளலாம்.

கடல் ஓவியம் என்றால் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அலையை அழகாகப் போட்டுவிட்டு, அதன்மேல் கப்பலைக் கொண்டுபோய் ஒட்டியதுபோல வைத்துவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. காற்று எந்தப் பக்கம், எந்தக் கயிறு இழுபடுகிறது, எது தளர்ந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம், நுரைக்குத் தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் அடர்வெள்ளை, மற்றதெல்லாம் தண்ணீராகக் கரைந்த சாம்பலும் பச்சையும், அதாவது சரியாக இந்த ஊர்க் கடலின் நிறம். கிரான்வில்லுக்கு எதிரே இருக்கும் ஷோசே தீவுகளில் அவருக்கு வீடு இருந்தது, ஆகவே இதெல்லாம் அவருடைய வீட்டுக் கடல்தான்.

அதோடு 1933இல் 'வின்னிபெல்' என்ற பாய்ப்படகில் தனியாளாக அத்திலாந்திக்கைக் கடந்திருக்கிறார். இரண்டு முன்பாய்களைச் சுக்கானோடு கயிற்றால் பிணைத்து, காற்று பின்னாலிருந்து வரும்போது படகு தானே வழிபிடித்துப் போகும்படி செய்தார். 1936இல் 'ஆரியேல்' மோட்டார் படகில் நியூயோர்க்கிலிருந்து லு ஆவ்ர் வரை, அதுவும் தனியாக.

அதைக் கேட்டதும் எனக்கு அன்னபூரணி நினைவுக்கு வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்க, எங்கட ஆட்களே ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். முதலாளியிடம் சொன்னேன். நம்பாமல் பார்த்துவிட்டு, எத்தனை பாய்மரம் என்று கேட்டார். இரண்டு என்றேன். அன்றைக்குத்தான் அந்த மனுசன் கதிரையை இழுத்துப் போட்டு என்னோடு கதைத்தது. அதுவரை எங்கள் பேச்சு முழுக்கக் கோப்பையும் சம்பளமும்தான்.