நோட்டில் மட்டும் ஓடிய 70,000 லிட்டர்

போன சித்திரையில் குமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் ஒரு பேரூராட்சியின் பம்ப் ஹவுஸுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றங்கரைக் கிணறு, வெர்டிகல் டர்பைன் பம்ப் (மோட்டார் மேலே, பம்ப் கிணற்றுக்குள் தொங்கும் குழாயின் அடியில்), 15 எச்.பி. மோட்டார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை, பம்பும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குதான் இடித்தது. ரெஜிஸ்டர்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டி 4,30,000 லிட்டர் ஏற்றுகிறார்கள். ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி நாலு தடவைக்கு மேல் நிறைய வேண்டும், மூன்றரைதான் நிறைகிறது. சரி, நடுவில் எங்கேயோ பைப் உடைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, நாலு இடத்தில் ரோட்டைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஈரம்கூட இல்லை. அப்புறம் மேட்டுத் தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அது ஊருக்குள் சண்டை வரைக்கும் போயிருந்தது.

தொட்டிக்குப் போகிற தண்ணீரை அளக்கும் மீட்டரை நான் பார்க்கப் போனேன். அங்கே 20 வருஷமாக வேலை பார்க்கிற ஆபரேட்டர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை இது: "மீட்டர் முதல்ல ஓடும் மக்கா, வெள்ளம் பொறகுதான் வரும்." (எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரையும் வெள்ளம் என்றுதான் சொல்வோம்.) இத்தனை பேர் வந்து பார்த்தும் அந்த மனிதரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் சில விநாடிகள் குழாயில் உஸ்ஸென்று காற்றுச் சத்தம், மீட்டரின் சின்ன சிவப்பு முள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுற்றுகிறது. அப்புறம் ஒரு குலுக்கு, சத்தம் கனத்தது, முள் நிதானத்துக்கு வந்தது. நடந்தது இதுதான்: வெர்டிகல் டர்பைனை நிறுத்தினால் கிணற்றுக்குள் செங்குத்தாகத் தொங்கும் காலம் (column) பைப்பில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும், அந்த இடத்தில் காற்று நிற்கும். மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது அந்தக் காற்று மேலே வந்து ஏர் வால்வு வழியாக வெளியே போக வேண்டும். அங்கே ஏர் வால்வு துருப்பிடித்து அடைத்துப் போயிருந்தது, அதனால் காற்று முழுவதும் மீட்டர் வழியாகப் போனது. 10 மீட்டர் நீளமுள்ள 6 இஞ்ச் காலம் பைப் என்றால் ஒரு ஸ்டார்ட்டுக்கு 170, 180 லிட்டர் காற்று. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கரண்ட் போய் வந்தாலும் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான் தப்பு. ஆனால் தண்ணீரின் பிடிமானம் இல்லாமல் காற்றில் சுற்றுகிற மீட்டர் சிறகு பேரிங்கைத் தின்றுவிடும். அது வேறு கஷ்டம்.

கணக்கில் இடித்த அந்த 70,000 லிட்டருக்குக் காரணம் காற்று இல்லை, மீட்டர் உட்கார்ந்திருந்த இடம். பம்பின் பெண்டு (வளைவு), அதை ஒட்டி என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு), அதை ஒட்டி ஸ்லூஸ் வால்வு (திறந்து அடைக்கும் கதவு வால்வு), அதன் ஃபிளாஞ்சிலேயே (இணைப்பு வளையத்திலேயே) மீட்டர். கிணறு கோடையில் இறங்கும் என்று வால்வைப் பாதிதான் திறந்து வைத்திருந்தார்கள். பாதி திறந்த வால்வின் அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு, முறுக்கிக்கொண்டு வரும். டர்பைன் மீட்டரின் சிறகு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கணக்கு, அதில் ஒரு பக்கமாக அப்படி அடித்தால் அது சுற்றத்தான் செய்யும். அது எண்ணுவது சுற்றை, லிட்டரை இல்லை.

இதை நிரூபிக்கப் பெரிய கருவி வேண்டாம், தொட்டி போதும். தொட்டியின் அவுட்லெட் வால்வை அடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஏற்றினோம். உள்விட்டம் 6 மீட்டர், மட்டம் 1.27 மீட்டர் ஏறியது. ஏறக்குறைய 36,000 லிட்டர். அதே ஒரு மணி நேரத்தில் மீட்டர் 43,000 காட்டியது. நடுவில் பம்பிங் மெயினில் கசிவு இருக்கலாமே என்று என்னிடமும் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். தொட்டி முனையில் வால்வை அடைத்து மோட்டாரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பிரஷர் கேஜைப் பார்த்தோம், முள் இறங்கவில்லை. அடுத்த நாள் ஒரு கிளாம்ப்-ஆன் அல்ட்ராசோனிக் மீட்டரை (குழாயை வெட்டாமல் வெளியே கட்டி, ஒலி அலையால் அளப்பது) வாடகைக்கு எடுத்து வந்து, பம்ப் ஹவுஸுக்கு வெளியே நேராகப் போகும் குழாயில் கட்டிப் பார்த்தேன். அதுவும் 36-ஐ ஒட்டியே நின்றது. ஆக, ஒரு நாளைக்கு 70,000 லிட்டர் நோட்டில் மட்டும் ஓடியிருக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு 70 லிட்டர் என்று மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு கணக்குப் போட்டது. அப்படிப் பார்த்தால் ஆயிரம் பேருக்கான தண்ணீர். அந்த இல்லாத தண்ணீருக்காக ரோட்டைத் தோண்டி, ஒரு தெருவையே திருடர்கள் என்று சொல்லியாயிற்று.

புது மீட்டர் வாங்கலாம் என்று முடிவானது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். பெரும்பாலான எஸ்டிமேட்டில் "குழாய் 150 மி.மீ., ஆகவே மீட்டர் 150 மி.மீ." என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து குழாயைப் பார்த்து மீட்டர் வாங்காதீர்கள், அதில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து வாங்குங்கள். மணிக்கு 36,000 லிட்டர் என்றால் விநாடிக்கு 10 லிட்டர். 150 மி.மீ. குழாயில் அதன் வேகம் விநாடிக்கு 0.57 மீட்டர்தான். கோடையில் வால்வைக் குறைத்து 6 லிட்டராக ஓட்டினால் 0.34. நாங்கள் வாங்க நினைத்த எலெக்ட்ரோமேக்னடிக் மீட்டர் (சுருக்கமாக மேக் மீட்டர், சிறகு இல்லாமல் காந்தப்புலத்தால் அளப்பது) அந்த வேகத்திலும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும்தான், ஆனால் கேட்டலாக்கில் போட்டிருக்கும் அரை சதவீதத் துல்லியம் பல மீட்டர்களில் அங்கே கிடைக்காது, 1 முதல் 3 மீட்டர் வேகத்தில்தான் அது நிம்மதியாக வேலை செய்யும். அதே தண்ணீரை 100 மி.மீ. மீட்டர் வழியாக விட்டால் 1.27 மீட்டர், கோடையில் 0.76. இரண்டு ரெடியூசர் (பெரிய குழாயைச் சின்னதோடு சேர்க்கும் துண்டு) போட்டால் முடிந்தது, சின்ன மீட்டர் என்பதால் விலையும் குறைவு. ரெடியூசரால் பிரஷர் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இந்த அளவுக்கு அது பேசத் தேவையில்லாத இழப்பு. மேக் மீட்டருக்குள் தடுப்பு எதுவுமே கிடையாது, வெறும் குழாய்தான்.

ஏன் மேக் மீட்டர் என்று கேட்டால், மணல். ஆற்றுக் கிணற்றில் சீனி மாதிரிப் பொடி மணல் வராத மழைக்காலம் கிடையாது. நமக்கு ஆனியாடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, அதனால் வருஷத்தில் இரண்டு தடவை இந்தக் கூத்து. சிறகு இருக்கிற மீட்டரை அந்த மணல் அரித்துவிடும். கடற்கரைப் பக்கம் ஒரு போர்வெல்லில் நான் கழற்றிய மீட்டரில் சிறகின் ஓரம் எலி கடித்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருந்தது, தண்டு கையால் ஆட்டினால் ஆடியது. அங்கே தப்பு தலைகீழ், மீட்டர் குறைவாகக் காட்டியது. பம்ப் தேய்ந்துவிட்டது என்று நினைத்து நல்ல சப்மெர்சிபிளை வெளியே தூக்கிப் பிரித்திருந்தார்கள்.

மேக் மீட்டரின் விதி ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தது: காந்தப்புலத்தின் குறுக்கே கடத்தி நகர்ந்தால் வோல்ட் பிறக்கும். இங்கே கடத்தி தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரில் தேவைக்கு அதிகமாகவே உப்பு இருக்கிறது, அதனால் கவலை இல்லை. கடலோரத்தில் உவர் ஏறிய கிணறு என்றால் அந்த வோல்ட்டை எடுக்கும் எலெக்ட்ரோடு எந்த உலோகம் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஹேஸ்டலாய் (நிக்கல் கலப்பு உலோகம்) தாங்கும். சிவப்பு மண் கிணறுகளில் இரும்புச் சத்து எலெக்ட்ரோடின் மேல் வழுவழுவென்று படியும், வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்தால் போதும்.

எர்த் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பி.வி.சி. அல்லது எச்.டி.பி.இ. மாதிரி பிளாஸ்டிக் லைனில் மேக் மீட்டர் வைத்தால் இரண்டு பக்கமும் எர்த்திங் ரிங் (தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் உலோக வளையம்) கட்டாயம், இல்லையென்றால் எண் நிலைகொள்ளாமல் ஆடும். சில பேர் அதைக் கூடுதல் செலவு என்று கொட்டேஷனிலிருந்தே வெட்டிவிடுகிறார்கள், பிறகு மீட்டர் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள். சித்திரை மாத இடி மின்னலைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், சப்ளை லைனிலும் சிக்னல் லைனிலும் சர்ஜ் புரொடெக்டர் போட்டுவிடுங்கள்.

டிஸ்பிளே பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதை 2021 நவம்பர் வெள்ளம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. குழித்துறை ஆறு பொங்கி வந்த அந்த நாட்களை மறக்க முடியாது. மீட்டர் குழிக்குள், சென்சாரோடு ஒட்டிய டிஸ்பிளே இருந்தால் அது போனது போனதுதான். ஐ.பி. 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை, நாள்கணக்காகச் சேற்றுத் தண்ணீரில் கிடப்பதற்கு அது கிடையாது. ஆற்றங்கரையில் சென்சார் ஐ.பி. 68 (தொடர்ந்து மூழ்கிக் கிடப்பதற்கானது), டிஸ்பிளே தனியாகச் சுவரில், வெள்ளம் ஏறிய அடையாளத்துக்கு மேலே. பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உப்புக் காற்றில் தகரப் பெட்டி நிற்காது.

அங்கே கடைசியில் செய்தது: மீட்டரை பம்ப் ஹவுஸுக்கு வெளியே எடுத்து வந்தோம். புது ஏர் வால்வு, என்.ஆர்.வி., அதற்கப்புறம் ஒரு மீட்டருக்கு மேல் நேர்க்குழாய், 100 மி.மீ. மேக் மீட்டர், மறுபடி அரை மீட்டர் நேர்க்குழாய், அதற்குப் பிறகுதான் ஸ்லூஸ் வால்வு. மேக் மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப் போல் 5 மடங்கும் பின்னால் 3 மடங்கும் நேராக இருந்தால் போதும் என்பார்கள், எங்களுக்கு இடம் இருந்ததால் தாராளமாக விட்டோம். வால்வு மீட்டருக்குப் பின்னால் வந்ததில் இன்னொரு லாபம், மீட்டருக்குள் குழாய் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. பாதி நிறைந்த குழாயில் மேக் மீட்டரும் பொய்தான் சொல்லும்.

எல்லா இடத்துக்கும் இதையே வைக்கச் சொல்ல மாட்டேன். ஒரு பஞ்சாயத்து போர்வெல், இரண்டரை இஞ்ச் லைன், மணல் இல்லை, கரண்ட் நிலை சரியில்லை என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல மெக்கானிக்கல் பல்க் மீட்டர் தாராளம், முன்னால் ஸ்ட்ரெய்னரும் (வடிகட்டி) விட்டத்தைப் போல் 10 மடங்கு நேர்க்குழாயும் கொடுத்தால் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும். கிளாம்ப்-ஆன் அல்ட்ராசோனிக்கை நிரந்தரமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய குழாயின் உள்ளே எவ்வளவு காறை பிடித்திருக்கிறது என்று தெரியாமல் அதன் கணக்கை நம்ப முடியாது, சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவில் தடவும் கிரீஸும் காய்ந்துவிடும். சரிபார்க்க மட்டும் அதைவிட நல்லது வேறில்லை.

புது மீட்டர் வைத்த இரண்டாவது வாரம் அண்ணன் போன் பண்ணினார். ராத்திரி மோட்டாரை நிறுத்திய பிறகு மீட்டரில் ரிவர்ஸ் கணக்கு ஏறுகிறதாம். மேக் மீட்டர் திரும்பி வரும் தண்ணீரைத் தனியாக எண்ணும். என்.ஆர்.வி.யைத் திறந்து பார்த்தால் சீட்டில் ஒரு சின்னக் கல், விரல் நகம் அளவுதான். ஏற்றிய தண்ணீர் ராத்திரி முழுக்கக் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பழைய மீட்டராக இருந்தால் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இப்போது அவர் ரெஜிஸ்டரில் மூன்று எண் எழுதுகிறார்: மீட்டர் ரீடிங், ஈ.பி. யூனிட், ஓடிய நேரம். மணிக்கு 12 யூனிட், 36,000 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டருக்கு 0.33 யூனிட். இது 0.40-ஐத் தாண்டினால் இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) தேய்ந்திருக்கிறதா, லைனில் எங்காவது அடைப்பா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் போனபோது அந்த 0.33-ஐ அவர் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தார், பக்கத்தில் தேதியும். மேட்டுத் தெருவுக்கு இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறார்கள்.