நாற்பது ரீஃபிலில் ஒரு ஹெங்ஜு வண்டி

மூன்று வாரமாக என் மேசையில் இருப்பது ஹ்வாச்சா, அதாவது கொரியாவின் வெடிவண்டி. ஜப்பான் கொரியா மீது படையெடுத்த போரில், 1593இல் ஹெங்ஜு மலைக்கோட்டையில் கொரியத் தளபதி க்வோன் யுல் வைத்திருந்ததை 1:20 அளவில் மாதிரியாகச் செய்துவிட வேண்டும் என்பது ஆசை.

முதல் வாரம் அவசரப்பட்டுவிட்டேன். ஹ்வாச்சா என்றாலே எல்லாரும் காட்டுவது 1451இல் மன்னர் முன்ஜொங் வடிவமைத்த வண்டியைத்தான்: 100 துளை, துளைக்கு ஒரு ராக்கெட் அம்பு. பால்சா கட்டையில் எண்பது துளை போட்ட பிறகுதான் தெரிந்தது, க்வோன் யுலுக்குப் போனவை ப்யோன் இ-ஜுங் என்ற அதிகாரி செய்த வேறு வகை என்று. அதில் ராக்கெட் இல்லை. மூடிய பெட்டியில் 40 வெண்கலத் துப்பாக்கிக் குழல்கள்: முன்பக்கம் 14, இடமும் வலமும் 13 வீதம். சரி, மறுபடி முதலிலிருந்து.

குழலுக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில்களைச் சேர்த்தேன். மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நறுக்கி, மூங்கில் கணுபோல் தெரிய தையல் நூலைச் சுற்றி ஒட்டினேன். அசல் குழலிலும் அப்படி வளையங்கள் உண்டு. இரண்டில் மிச்சமிருந்த மை கசிந்து முன்பலகை நீலமாகிவிட்டது. ரீஃபில்களை ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறப்போட்டிருக்க வேண்டும். பலகையைப் புதிதாக வெட்டினேன்.

குழல்களைச் செருகி முடித்ததும்தான் இந்த வண்டியின் அருமை புரிந்தது. மூன்று பக்கமும் சுடும். ஹெங்ஜுவுக்குப் பின்னால் ஹான் ஆறு. பகைவர் ஏறிவரக்கூடிய சரிவில் இரட்டை மரவேலி. சுமார் 2,300 பேர், ஏறத்தாழ 30,000 ஜப்பானியப் படையை ஒரே நாளில் ஒன்பது முறை தடுத்து நிறுத்தினார்கள்.

க்வோன் யுலுக்கு அப்போது 56 வயது. தந்தை க்வோன் சொல் தலைமை அமைச்சர் பதவி வரை போனவர். மகனோ 45 வயதில், 1582இல்தான் அரசுத் தேர்வில் தேறினார், அதுவும் படைத்துறைத் தேர்வில் இல்லை, இலக்கியத் தேர்வில். போர் தொடங்கிய 1592இல் குவாங்ஜு நகரின் நிர்வாகியானார். அதே ஆண்டு இச்சி கணவாயில் வென்றார். ஹெங்ஜுவுக்கு அப்புறம் நாட்டின் தலைமைத் தளபதி. இவ்வளவு தாமதமாகத் தொடங்கியவர் இவ்வளவு தூரம் போனதுதான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

பாக்கி இருப்பது வேலி. அதை மூங்கில் குச்சியில் நட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் பின்னால் ஈர்க்கு நுனியில் அம்புக்கட்டுகள் அடுக்கப்போகிறேன். கோட்டையில் அம்பு தீரும் நேரத்தில் ஆற்றுவழியே படகில் வந்து சேர்ந்த கட்டுகள் அவை.