குரோட்டன்ஸ் கோவித்துக்கொண்ட கதை
பாளையங்கோட்டையில் வாங்கிவந்த குரோட்டன்ஸை, நம்மூர் வெயிலில் கருகிவிடுமே என்று பாவம் பார்த்து வராந்தாவுக்குள் வைத்தேன், ஒரே வாரத்தில் பாதி இலையைக் கொட்டிவிட்டது. சரி, செத்துப்போச்சு என்றே நினைத்தேன். ஆச்சிதான் நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்து, "ஏல, பச்சையாத்தான இருக்கு, இடம் மாத்துனா கொட்டத்தான் செய்யும், வெளிய கொண்டு வை" என்றாள்.

இப்போது காலை வெயில் விழும் மதில் ஓரம் நிற்கிறது. துளிர் பச்சையாக வந்து, நரம்பில் மஞ்சள் ஓடி, அப்புறம் மெல்லச் சிவக்கிறது. நிழலில் கிடந்தால் இந்த நிறம் வராது. மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கலந்து. கிளை நறுக்கும்போதுதான் கவனம் வேண்டும், பால் வடியும், கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். என் வெள்ளை வேட்டியில் பட்ட கறை மூன்று சலவைக்கும் அசையவில்லை.