லண்டன் வெள்ளி ஸ்பூன்: 1786-ஆ, 1826-ஆ?

பழைய வெள்ளி ஸ்பூன் கைக்கு வந்ததும் பாலீஷ் போடாதீர்கள். காம்பில் குத்திய ஹால்மார்க் முத்திரையின் பள்ளத்துக்குள் தங்கியிருக்கும் கறுப்புதான் எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. தேய்த்தால் கறுப்போடு முத்திரையின் விளிம்பும் கரையும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

நான் பார்த்தது பிடில் வடிவக் காம்புள்ள ஒரு மேசை ஸ்பூன். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் வெள்ளி கண்ணைக் கூசுமே தவிர எழுத்து தெரியாது. அப்படியும் மங்கலாக இருந்த முத்திரைமேல் மெழுகுவர்த்திப் புகையை லேசாகப் படியவிட்டு, ஆறியபின் செலோ டேப்பை அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினேன். மேடு கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் பதிந்துவிட்டது.

காம்பின் பின்புறம் ஐந்து முத்திரைகள். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனுக்கு உரியது. ஆனால் நியூகாசிலில் மூன்று கோட்டைகளோடு அதே தலையும் வரும் என்பதால், வேறு ஊர்க்குறி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பர்மிங்காமுக்கு நங்கூரம், பழைய ஷெபீல்டுக்குக் கிரீடம். அரசர் தலை, வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரை மட்டுமே உண்டு.

நான்காவது, ஆண்டைச் சொல்லும் எழுத்து. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். லண்டனில் ஆங்கில அகர வரிசையின் 20 எழுத்துகள் ஒரு சுற்று; மே மாதம் எழுத்து மாறும். 1776-இல் தொடங்கிய சுற்றும் 1816-இல் தொடங்கியதும் சின்ன எழுத்துகள். அதனால் சின்ன ‘எல்’ 1786-ஆகவும் இருக்கலாம், 1826-ஆகவும் இருக்கலாம். அரசர் தலை இரண்டிலும் வலப்பக்கம்தான் பார்க்கும்; தேய்ந்துபோனால் மூன்றாம் ஜார்ஜா நான்காம் ஜார்ஜா என்று பிரித்தறிவது கடினம். முடிவைச் சொன்னது சிறுத்தை. 1821 வரை அதன் தலையில் கிரீடம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அதே சமயத்தில் சிங்கமும் நம்மைப் பார்ப்பதை விட்டு முன்னோக்கிப் பார்க்கத் தொடங்கியது. இந்த ஸ்பூனில் கிரீடம் இல்லை. ஆகவே 1826 மே முதல் 1827 மே வரை. பிடில் வடிவம் இங்கிலாந்தில் பரவலானதும் 1800-ஐ ஒட்டித்தான்.

செய்தவர் முத்திரையைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. இந்த ஸ்பூனில் இருந்த ‘டபிள்யூ சி’ என்ற முதலெழுத்துகள் பலருக்கு உண்டு. ஆண்டு தெரிந்தபின்தான் பட்டியல் சுருங்கும். 1826-இல் லண்டனில் ஸ்பூன் வேலையில் பேர்போனவர் வில்லியம் சானர். எழுத்தின் வடிவம், சுற்றியுள்ள கட்டத்தின் வடிவம், நடுவில் புள்ளி உண்டா என்பதெல்லாம் பதிவுப் படத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தியது. 1834 முதல் அவர் மனைவி மேரி சானரின் முத்திரை வருகிறது.

சிங்கம் இருந்தாலே இங்கிலாந்து என்று முடிவுகட்ட வேண்டாம். நெதர்லாந்துச் சிங்கத்தோடு 1 அல்லது 2 என்ற எண் இருக்கும்: 1953 வரை முதலாவது 934 தரம் (ஆயிரத்தில் 934 பங்கு வெள்ளி), இரண்டாவது 833. பிரான்சில் 1838 முதல் ரோமானியப் பெண் தெய்வம் மினர்வாவின் தலை, செய்தவர் குறி சாய்சதுரத்துக்குள். பிறையும் கிரீடமும் 800 என்ற எண்ணும் சேர்ந்தால் 1888-க்குப் பிந்தைய ஜெர்மனி. 84 என்றிருந்தால் ரஷ்யா, 87.5 சதவீதம். ஜெர்மன் ஸ்பூனில் வெறும் 90 இருந்தால் அது முலாம், தரக்குறி அல்ல. ‘இ.பி.என்.எஸ்.’ (எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்) என்பதும் முலாம்தான். நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் பொறித்திருப்பதால் ஹால்மார்க் போலவே தெரியும்.

முத்திரை உண்மையாக இருந்தும் ஸ்பூன் மாறியிருக்கலாம். குழியில் பழங்கள் புடைத்து, தங்க முலாம் பூசிய ‘பெர்ரி ஸ்பூன்’ பலவும் ஜார்ஜ் காலத்துச் சாதாரண ஸ்பூன்கள். விக்டோரியா காலத்தில் அலங்காரம் ஏற்றியவை. காம்பின்மேல் வாயால் ஊதினால் ஆவி படியும்போது பற்றவைத்த கோடு ஒரு நொடி தெரிந்து மறையும். பெயரெழுத்தை அழித்த இடம், விரல்களுக்கிடையே தடவினால் மெலிந்திருக்கும்.