அரை மணி நேர வேலைன்னாங்க: ஃப்ளை லைன் முடிச்சு போட்ட கதை

போன வருஷம் ஏப்ரல்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃப்ளை ராடு வாங்கினேன், அதாவது பூச்சி மாதிரி முள்ளை வீசி மீன் பிடிக்கற தூண்டில் கம்பு, 9 அடி, 5 வெயிட், ரீல் மட்டும் காலி. "லைன் நீங்களே ஏத்திக்கலாம், அரை மணி நேர வேலை"ன்னார் வித்தவர். எனக்கு ஆறு வாரம் ஆச்சு. இருக்கறது நியூ ஜெர்சி, போறது ராரிட்டன் ஆத்தோட தெற்குக் கிளை, கென் லாக்வுட் கார்ஜ் பக்கம். லைசென்ஸோட, ட்ரவுட் மீன் பிடிக்க ட்ரவுட் ஸ்டாம்ப்னு ஒண்ணு தனியா வாங்கணும், அதெல்லாம் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, முடிச்சுதான் முடியல.

ஊர் ஏரில தூண்டில் போட்ட ஆளுக்கு இது பிடிபட கொஞ்சம் நேரம் எடுக்கும். அங்க ஒரே தங்கூசி, முனைல முள்ளு, கொஞ்சம் ஈயம், ஒரு தக்கை, அவ்ளோதான். இங்க முள்ளுல மான் முடியும் இறகும் சுத்தி பூச்சி மாதிரி பண்ணி வெச்சுருக்காங்க, அதுக்கு எடையே கிடையாது, அதனால எடை லைன்ல இருக்கு. 5 வெயிட் லைன்னா முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். நாம வீசறது லைனைத்தான், பூச்சி சும்மா கூடப் போகுது. அந்தத் தடி லைனைப் பாத்து மீன் மிரளக் கூடாதுன்னு முன்னாடி லீடர்ங்கற நைலான் நரம்பு, அதுக்கும் முன்னாடி இன்னும் சன்னமா டிப்பெட், பின்னாடி பெரிய மீன் இழுத்துட்டு ஓடினா விட்டுக் குடுக்க பேக்கிங்ங்கற நூல். ரீல்லேர்ந்து பூச்சி வரைக்கும் எண்ணிப் பாத்தா அஞ்சு எடத்துல முடிச்சு.

முதல்ல ஆர்பர் முடிச்சு, ரீலோட பேக்கிங் சேர்ற எடம். சுருக்குதான், வால்ல நழுவாம இன்னொரு முடிச்சு. அஞ்சு நிமிஷம். 20 பவுண்டு தாங்கற டேக்ரான் பேக்கிங் 100 கஜம் சுத்தினேன், நாம ஏதோ பெரிய ஆள்னு நெனப்பு வந்துச்சு.

அடுத்தது பேக்கிங்கையும் லைனையும் சேக்கற ஆல்பிரைட். லைன் முனையை மடிச்சு, அந்த மடிப்புக்குள்ள பேக்கிங்கை விட்டு, பத்து சுத்து சுத்தி, திரும்ப அதே மடிப்பு வழியா வெளிய எடுக்கணும். எந்தப் பக்கம் உள்ள போச்சோ அதே பக்கம்தான் வெளிய வரணும், நான் எதிர்ப்பக்கம் எடுத்துட்டேன், பாக்க அம்சமா இருந்துச்சு, கதவுக் கைப்பிடில மாட்டி இழுத்தா மொத்தமும் உருவிக்கிட்டு கைக்கு வந்துடுச்சு. ரெண்டாவது தடவை சரியா போட்டேன். லைனை சுத்தி முடிச்சு, பின்னாடி இருக்கற கிரவுண்டுல போய் வீசினா லைன் முன்னாடி போகாம தலை மேலயே கொத்தா விழுது. ஒரு வாரம் என் கைலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் குப்பைல கெடந்த பாக்கெட்டை எடுத்துப் பாத்தா 'இந்த முனை ரீலுக்கு'ன்னு ஒரு குட்டி ஸ்டிக்கர்! வெயிட் ஃபார்வர்ட் லைன்ல கனம் எல்லாம் முன்பக்கம், நான் அதைத் தலைகீழா ஏத்தி சன்ன வால முன்னாடி வெச்சு வீசிட்டு இருந்திருக்கேன்.

ஆல்பிரைட்டை வெட்டினேன். இந்தத் தடவை பேக்கிங் முனைல ஒரு அடி நீளத்துக்கு சர்ஜன் லூப்னு ஒரு வளையம். லைனோட வால்ல கம்பெனியே ஒட்டின லூப் இருக்கு, அதுக்குள்ள இந்தப் பெரிய லூப்பை விட்டு, லைன் சுருளை அப்படியே அதுக்குள்ள நுழைச்சு எடுத்தா போதும். நாளைக்கு லைன் மாத்தணும்னா கத்தரி வேண்டாம். முதல்லயே இதைப் பண்ணியிருக்கணும்.

அப்புறம் ஆத்துக்குப் போனேன். ஒரு ரெயின்போ ட்ரவுட் கடிச்சுது, பன்னெண்டு இன்ச் இருக்கும், கிட்ட கொண்டு வந்துட்டேன், வலையைத் தண்ணில எறக்கறேன், ராடு நுனி வளையத்துல லைன் சிக்கி அப்படியே நின்னுடுச்சு. மீன் தலைய ஒரு ஒதறு, டிப்பெட் டப்புனு போச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா தப்பு மூணாவது இணைப்புல. லைன் லூப்பும் லீடர் லூப்பும் ரெண்டு பேர் கை குலுக்கற மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சமமா உக்காரணும், என்னுது ஒரு லூப் மடங்கி இன்னொண்ணோட கழுத்தை நெரிச்சுட்டு இருந்துச்சு. அந்த முண்டுதான் ராடு வளையத்துல சிக்கியிருக்கு. லூப் மேல இருந்த பிளாஸ்டிக் தோல் வேற வெடிச்சுருந்துச்சு.

லூப்பை வெட்டிட்டு, லைனையும் லீடரையும் நேரா சேக்கற நெய்ல் முடிச்சு, அதாவது ஆணி வெச்சு போடற முடிச்சு, போட உக்காந்தேன். ஆணிக்கு பதிலா குழல் வெச்சா சுலபம்னாங்க, ஜூஸ் ஸ்ட்ரா எடுத்தேன், அது தடி, உருவினதும் சுத்து எல்லாம் லூசாகி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு. கடைசில கை குடுத்தது ஊர்லேர்ந்து கொண்டு வந்த பால் பேனாவோட தீந்துபோன ரீஃபில், ரெண்டு இன்ச் வெட்டிக்கிட்டேன். லைன் பக்கத்துல ரீஃபிலை வெச்சு, லீடரோட தடி முனையால ரெண்டையும் சேத்து ஆறு சுத்து பக்கம் பக்கமா சுத்தி, வால ரீஃபில் ஓட்டைக்குள்ள விட்டு அந்தப் பக்கம் எடுத்து, வெரலால சுத்தை அமுக்கிப் பிடிச்சுட்டு ரீஃபிலை மெதுவா உருவணும். மூணாவது முயற்சில கம்பி சுத்தின மாதிரி வரிசையா உக்காந்துச்சு, சுத்து எல்லாம் லைன் தோல்ல லேசா பதிஞ்சு. ஓரமா கொஞ்சம் ப்ளூ இங்க், மீன் மன்னிக்கட்டும். அந்தத் தடி நரம்பை எட்டு இன்ச்சோட வெட்டி முனைல பெர்ஃபெக்‌ஷன் லூப் போட்டேன். சர்ஜன் லூப் கொஞ்சம் கோணிக்கும், இது நேரா நிக்கும். இனிமே லீடர் மாத்தறதெல்லாம் அங்கதான், அந்த நரம்புல இருக்கற லூப், லீடர் லூப் ரெண்டும் சின்னது, வளையத்துல தடுக்காது.

இதெல்லாம் பண்ணும்போது அம்மா வீடியோ கால்ல. லீடரோட சேக்க சர்ஜன் முடிச்சு போட்டு 5எக்ஸ் தடிமன் டிப்பெட்டை வெடுக்குன்னு இழுக்கறேன், அறுந்துச்சு, திரும்பப் போட்டேன், திரும்ப அறுந்துச்சு. "நாரை நனைக்காம பூ கட்டினா அறுந்துதான்டா போகும்"னாங்க. சிரிச்சுட்டேன், ஆனா விஷயம் அதேதான், காஞ்ச நைலான் இழுக்கும்போது உரசி சூடாகி அங்கயே வலு போயிடுது, எச்சில் தடவி மெதுவா இறுக்கணும். ஊருக்குப் பெட்டி எடை பாக்கற தராசுல ரெண்டையும் மாட்டிப் பாத்தேன், டிப்பெட் தாங்கணும்னு போட்டிருக்கறது 2 கிலோ சொச்சம், காஞ்ச முடிச்சு 1.2ல போச்சு, எச்சில் வெச்சது 1.8 தாங்குச்சு. வீட்டு டெஸ்ட்தான், ஆனா எனக்கு இது போதும்.

5எக்ஸ்ங்கற பேருக்கும் ஒரு கதை இருக்கு. நைலான் வர்றதுக்கு முன்னாடி பட்டுப்புழு வயித்துலேர்ந்து எடுத்த நரம்பை சின்ன ஓட்டை வழியா இழுத்து சன்னமாக்குவாங்களாம், எத்தனை தடவை இழுத்தாங்களோ அத்தனை எக்ஸ். இப்ப கணக்கு 11லேர்ந்து கழிக்கறது, 11ல 5 போனா 6, அதாவது 0.006 இன்ச் தடிமன்.

அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனேன். பூச்சிக்கு கிளிஞ்ச் முடிச்சு, அஞ்சு சுத்து, எச்சில். முன்ன மாதிரியே ஒரு ரெயின்போ, கிட்ட வரும்போது லூப் வளையத்தைத் தாண்டற 'டிக்' சத்தம் கேட்டுச்சு, நிக்கல. வலைல எடுத்து தண்ணிக்குள்ள வெச்சே முள்ளைக் கழட்டி விட்டுட்டேன். "விடறதுக்கா இவ்ளோ முடிச்சு?"ன்னு அம்மா கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல.

ரெண்டு நரம்பை சேக்கற பிளட் முடிச்சு இன்னும் வரல, ரெண்டு கையும் பல்லும் பத்தல. ரீஃபில்ல இன்னும் மூணு இன்ச் மிச்சம் இருக்கு.